யூஸ்டு டீசல் மோட்டார்ஹோம் வாங்குறப்போ பழைய இஞ்சினா புது இஞ்சினான்னு எப்படி முடிவு பண்றது

அமெரிக்காவுல யூஸ்டு டீசல் புஷர், அதாவது இஞ்சின் பின்னாடி இருக்குற பெரிய மோட்டார்ஹோம், தேட ஆரம்பிச்சீங்கன்னா ரெண்டு கட்சி ஆளுங்க வந்து நிப்பாங்க. ஒரு கட்சி, தொண்ணூறுகள்ல கம்மின்ஸ் கம்பெனி செஞ்ச, கம்ப்யூட்டர் இல்லாத மெக்கானிக்கல் இஞ்சின் தான் இஞ்சின், அப்புறம் வந்ததெல்லாம் வெறும் வயரும் சென்சாரும்னு அடிச்சு சொல்லும். இன்னொரு கட்சி, பழச வாங்குனா ஏத்தத்துல ஹசார்ட் லைட்ட போட்டுக்கிட்டு லாரி பின்னாடி ஊர்ந்து போகணும், காச போட்டு புதுசா வாங்குன்னு சொல்லும். ரெண்டு பேர் சொல்றதுலயும் உண்மை இருக்கு. ஆனா பழசு, புதுசுன்னு ரெண்டே டப்பாவா பிரிச்சு பாத்தா கண்டிப்பா உங்களுக்கு ஒத்து வராத வண்டிய தான் வாங்குவீங்க, ஏன்னா 2005 இஞ்சினும் 2008 இஞ்சினும் மூணு வருஷ வித்தியாசம் தான், குணம் சுத்தமா வேற.

முதல் வேலை இஞ்சினோட பிறந்த வருஷத்த கண்டுபிடிக்குறது. விளம்பரத்துல போட்டிருக்குற வருஷம் வீட்டு பாகத்தோட மாடல் வருஷம், அதுக்கு கீழ இருக்குற சேஸி, ஃப்ரைட்லைனரோ ஸ்பார்டனோ, ஒரு வருஷம் முன்னாடி செஞ்சதா இருக்கும், அதுல உக்காந்திருக்குற இஞ்சின் அதுக்கும் முன்னாடி. 2008 மாடல்னு விக்குற வண்டில 2006-ல செஞ்ச இஞ்சின் இருக்குறது சகஜம், 2007-ல புது புகை விதி வர்றதுக்கு முன்னாடியே கம்பெனிங்க பழைய இஞ்சின வாங்கி ஸ்டாக் வச்சுக்கிட்டாங்க. அதனால இஞ்சின் மேல ஒட்டியிருக்குற எமிஷன் லேபிள்ல தேதிய பாருங்க, சீரியல் நம்பர போட்டோ எடுங்க. கம்மின்ஸா இருந்தா அந்த நம்பர அவங்க குயிக்சர்வ் ஆன்லைன் சைட்ல போட்டா எப்ப செஞ்சது, எத்தனை ஹார்ஸ்பவர் ரேட்டிங்னு வந்துடும். விக்குறவர் சொல்றத நம்பி இந்த வேலைய விட்டுடாதீங்க, அவருக்கே பல நேரம் தெரியாது.

தேதி கிடைச்சா இஞ்சின் எந்த காலத்து ஆளுன்னு தெரிஞ்சிடும். நான் நாலா பிரிப்பேன்.

1998 வரைக்கும் வந்தது மெக்கானிக்கல் காலம். கம்மின்ஸ் 5.9 லிட்டர் பன்னெண்டு வால்வு, 8.3 லிட்டர் சி சீரிஸ், இதெல்லாம் இங்க வரும். ஃப்யூல் பம்ப் முழுக்க இரும்பு, கம்ப்யூட்டர் கிடையாது, டீசலும் காத்தும் போனா ஓடும். நடுக்காட்டுல நின்னாலும் ட்ராக்டர் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் கிடைச்சா கிளப்பிடுவார். 5.9-ல ஒரே ஒரு சமாச்சாரம் கேட்டு வச்சுக்கோங்க, முன்னாடி டைமிங் கவருக்குள்ள டவல் பின்னுனு ஒரு சின்ன இரும்பு முளை அதிர்வுல நழுவி கியருக்குள்ள விழுந்து இஞ்சினையே காலி பண்ணிடும், அதுக்கு ஒரு சின்ன தகடு போட்டு தடுக்குற வேலைய ஏற்கனவே செஞ்சிருக்காங்களான்னு பில் கேளுங்க.

அடுத்தது 1998-ல இருந்து 2006 வரை. எலக்ட்ரானிக் ஆயிடுச்சு, ஆனா சைலன்ஸர்ல ஃபில்டர் எதுவும் வரல. ஐஎஸ்பி 5.9, ஐஎஸ்சி 8.3, ஐஎஸ்எல் 8.9, கேட்டர்பில்லர் 3126, சி7, சி9 எல்லாம் இந்த காலம். பெரிய ஐஎஸ்எம், ஐஎஸ்எக்ஸ் இஞ்சினுக்கு மட்டும் 2002 அக்டோபர்லயே ஈஜிஆர், அதாவது வெளிய போற புகைல ஒரு பங்க குளிர வச்சு திரும்ப இஞ்சினுக்குள்ளயே விடுற ஏற்பாடு, வந்துருச்சு. என்ன கேட்டா இந்த காலத்தோட பின்பாதி தான் வருஷத்துக்கு கொஞ்ச நாள் மட்டும் வண்டி எடுக்குற குடும்பத்துக்கு சரியான இடம், பவர் போதுமான அளவு இருக்கு, சிக்கல் கம்மி. இதுலயும் கண்ணு வைக்க வேண்டியது உண்டு. 1998-ல இருந்து 2002 வரை வந்த 5.9 இருபத்திநாலு வால்வுல விபி44னு ஒரு பம்ப், அது டீசல வச்சு தான் தன்னையே குளிர வச்சுக்கும், டேங்க்ல இருந்து அதுக்கு டீசல் அனுப்புற லிஃப்ட் பம்ப் வீக் ஆனா இதுவும் சேர்ந்து செத்துடும், இது சின்ன செலவு இல்ல. ஒரு ஃப்யூல் பிரஷர் கேஜ் மாட்டி, லோடுல 10 பிஎஸ்ஐக்கு மேல நிக்குதான்னு பாக்கணும். அதே இஞ்சின்ல 1999-ல இருந்து 2001 வாக்குல வந்த சில பிளாக்ல 53னு வார்ப்பு நம்பர் இருக்கும், அதுங்க சுவர் மெல்லிசு, வெடிப்பு விட்டு கூலன்ட் கசியும். நம்பர பாத்துட்டு தான் விலை பேசணும். கேட்டர்பில்லர் 3126-லயும் சி7-லயும் இஞ்செக்டர் வேலை செய்றதே இஞ்சின் ஆயில் பிரஷர்ல தான், அதனால ஆயில் மாத்தாம ஓட்டினவங்க வண்டின்னா பேச்சே வேணாம். கேட்டர்பில்லர் 2010 விதிக்கு ரோடு வண்டி இஞ்சினே செய்யாம விலகிடுச்சு, ஆனாலும் பார்ட்ஸ் சர்வீஸ் கிடைக்குது, அத வச்சு பயப்பட வேணாம்.

மூணாவது 2007-ல இருந்து 2009 வரை. இங்க தான் விதி இறுக்குச்சு, புகைத்தூள் அளவ ஒரு ஹார்ஸ்பவர் மணிக்கு 0.01 கிராமுக்குள்ள கொண்டு வரணும்னு அமெரிக்க சுற்றுச்சூழல் துறையான ஈபிஏ சொல்லிடுச்சு, முன்னாடி 0.10, அதாவது பத்துல ஒண்ணு. அதுக்காக டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர், கூடவே நைட்ரஜன் ஆக்சைட குறைக்க நிறைய ஈஜிஆர். இஞ்சின் தன் புகைய தானே சுவாசிக்குது, கரி சேருது, ஈஜிஆர் கூலர் கசியுது, டிபிஎஃப் அடைக்குது. நான் முடிஞ்சா இந்த மூணு வருஷத்த தாண்டிப் போகச் சொல்லுவேன், முழு சர்வீஸ் ரெக்கார்டோட நீண்ட தூரம் ஓடின வண்டின்னா மட்டும் யோசிக்கலாம்.

நாலாவது 2010-க்கு அப்புறம். எஸ்சிஆர் வந்துச்சு, டெஃப்னு நாம சொல்ற யூரியா தண்ணிய, 32.5 சதவீதம் யூரியா மீதி சுத்தமான தண்ணி, சைலன்ஸர்ல தெளிச்சு நைட்ரஜன் ஆக்சைட அங்கயே முடிச்சுடுறது. சுத்தம் பண்ற வேலை வெளிய போயிட்டதால இஞ்சின திரும்ப நல்லா எரியுற மாதிரி ட்யூன் பண்ண முடிஞ்சுது, பவரும் மைலேஜும் ரெண்டுமே தேறுச்சு. நாவிஸ்டார் மட்டும் டெஃப் வேணாம், ஈஜிஆர் வச்சே சமாளிக்குறோம்னு மேக்ஸ்ஃபோர்ஸ் இஞ்சின போட்டு, முடியாம 2012-ல அவங்களும் எஸ்சிஆர் பக்கம் வந்தாங்க. அந்த இடைப்பட்ட மேக்ஸ்ஃபோர்ஸ் போட்ட வண்டி விலை மலிவா வந்தா ஏன் மலிவுன்னு இப்ப தெரிஞ்சிருக்கும்.

சரி, இழுவைக்கு வருவோம், நிறைய பேர் ஏமாறுறது இங்க தான். 230 ஹார்ஸ்பவர் பழசு, 360 ஹார்ஸ்பவர் புதுசு, கண்ணால பாத்தா புதுசு பிச்சுக்கிட்டு போகும்னு தோணும். ஆனா வண்டியோட எடைய ஹார்ஸ்பவரால வகுத்துப் பாருங்க. ஸ்லைட், அதாவது நிறுத்தினதும் பக்கவாட்டுல வெளிய நீளுற அறை, இல்லாத தொண்ணூறுகள் காலத்து 34 அடி வண்டி 22,000 பவுண்டுன்னு வைங்க, 230-ஆல வகுத்தா ஒரு ஹார்ஸ்பவருக்கு 96 பவுண்டு. மூணு ஸ்லைட், டைல்ஸ் தரை, வீட்டு ஃப்ரிட்ஜ், எட்டு பேட்டரின்னு வர்ற 38 அடி புதுசு 33,000 பவுண்டு, 360-ஆல வகுத்தா 92. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணு தான்! பின்னாடி கூடுதல் ஆக்ஸில் வச்ச 44,000 பவுண்டு பெரிய வண்டில 450 ஹார்ஸ்பவர் இருந்தும் 98 வருது. இஞ்சின் வளர வளர வீடும் கூடவே பெருத்துடுச்சு. அதனால எந்த வருஷ வண்டியா இருந்தாலும் இந்த கணக்க போடுங்க, 100 பவுண்டுக்குள்ள வந்தா மலைல சங்கடம் இருக்காது, 120-ஐ தாண்டினா ஏத்தத்துல மூச்சு வாங்கும். எடை வேணும்னா ட்ரக் ஸ்டாப் தராசுல சாமான், தண்ணி, டீசல் எல்லாத்தோடயும் ஏத்தி எடுங்க, சேஸி ஸ்டிக்கர்ல இருக்குறது அதிகபட்ச எடை தான், நிஜ எடை இல்ல.

இன்னும் தெளிவா வேணும்னா, 30,000 பவுண்டு வண்டி, பின்னாடி இழுத்துட்டு வர்ற 4,000 பவுண்டு கார், ஆறு சதவீத ஏத்தம்னு வச்சு இயற்பியல் கணக்கு போட்டா, கியர்பாக்ஸ், ஆக்ஸில், ஃபேன் தின்னுறது எல்லாம் கழிச்சு 230 ஹார்ஸ்பவர் மணிக்கு சுமார் 29 மைல்ல ஏறும், 300 இருந்தா 38, 360-க்கு 43, 450-க்கு 52 வாக்குல. எடை மாறினா இந்த நம்பரும் மாறும், ஆனா எந்த அளவு வித்தியாசம்னு ஒரு புரிதல் கிடைக்கும். வருஷத்துல ரெண்டு தடவ மலை ஏறப் போறவருக்கு பத்து நிமிஷம் முன்ன பின்ன தான், அதுக்கு எத்தனை டாலர் குடுக்கலாம்னு நீங்க தான் முடிவு பண்ணணும்.

உயரம் போனா வேற கதை. கொலராடோல ஐ-70 ரோட்டுல ஐசனோவர் சுரங்கம் 11,158 அடில இருக்கு, அங்க காத்து அவ்ளோ மெல்லிசு. மெக்கானிக்கல் பம்ப் காத்து கம்மியா இருக்குன்னு தெரியாமயே டீசல ஊத்தும், கரும்புகை வரும், புகைச்சூடு ஏறும். பழைய வண்டி வாங்குனா டர்போவுக்கு முன்னாடி பைரோமீட்டர்னு புகைச்சூட்ட அளக்குற ஒரு மீட்டர் மாட்டிக்கிட்டு 1,300 டிகிரி ஃபாரன்ஹீட்ட தாண்டாம, ஒரு கியர் கீழ போட்டு, ஆக்சிலரேட்டர கொஞ்சம் தளர்த்தி ஏத்துங்க. புது இஞ்சின்ல கம்ப்யூட்டரே காத்த அளந்து டீசல குறைச்சுக்கும், அதோட வேரியபிள் டர்போ இருக்குறதால கீழ் ஆர்பிஎம்லயே இழுவை வந்துடும். ஐஎஸ்எல் 400-ல 1,200 பவுண்டு அடி டார்க், 450-ல 1,250, அதனால கியர் மாத்தி மாத்தி கத்தாம நிதானமா ஏறும். கியர்பாக்ஸையும் பாருங்க, ரொம்ப பழசுல ஆலிசன் கம்பெனியோட நாலு கியர் ஆட்டோமேட்டிக் இருக்கும், அப்புறம் வந்ததுல ஆறு கியர், ஏத்தத்துல சரியான கியர் கிடைக்குறதே பாதி பவர் கூடின மாதிரி.

ஏத்தத்த விட எனக்கு கவலை இறக்கம் தான். ஏத்தத்துல மெதுவா போனா நேரம் தான் போகும், 30,000 பவுண்டு வண்டிய இறக்கத்துல பிரேக்க மட்டும் நம்பி விட்டா உயிர் போகும். பழைய 5.9-லயும் 8.3-லயும் எக்ஸாஸ்ட் பிரேக், அதாவது புகை வெளிய போற வழிய அடைச்சு இஞ்சின மெதுவாக்குறது, தான், அதுவும் சில வண்டில இருக்காது. 6.7 ஐஎஸ்பில டர்போவையே மூடி பிரேக் ஆக்கிடுறாங்க, நல்லாவே புடிக்கும். ஐஎஸ்எல்லும் அதுக்கு மேல உள்ள பெரிய இஞ்சினும் நிஜமான கம்ப்ரஷன் பிரேக்கோட, அதாவது சிலிண்டர்ல காத்த அமுக்குற வேலையையே பிரேக் ஆக்குற ஏற்பாட்டோட, வரும், ரெண்டு ஸ்டேஜ் வச்சு, கால் பிரேக்க தொடாமலே நீண்ட இறக்கத்த இறங்கிடலாம். ராக்கி மலைப்பக்கம், சியரா பக்கம் அடிக்கடி போற ஐடியா இருந்தா ஹார்ஸ்பவர விட இதுக்கு தான் நான் கூடுதல் காசு குடுப்பேன். எக்ஸாஸ்ட் பிரேக் இல்லாத வண்டின்னா மாட்டுற செலவ விலைல கழிச்சுப் பேசுங்க, மாட்டாம மலைக்கு கொண்டு போகாதீங்க.

மைலேஜ் பத்தி ரொம்ப சண்டை போடுவாங்க. பெரும்பாலான டீசல் புஷர் கேலனுக்கு 7-ல இருந்து 10 மைல் தான், நம்ம ஊர் கணக்குல 8 மைல்னா லிட்டருக்கு 3.4 கிலோமீட்டர். பழசு கூடுதலா குடுக்கும்னு சொல்றதுல ஒரு காரணமும் இருக்கு. தொண்ணூறுகள்லயே எலக்ட்ரானிக்கா மாறிட்ட பெரிய இஞ்சின்கள்ல ஹைவேல ஓடும்போது மட்டும் டைமிங்க மாத்தி டீசல மிச்சம் புடிச்சு நைட்ரஜன் ஆக்சைட கூட விடுற மாதிரி ப்ரோக்ராம் பண்ணியிருந்தாங்கன்னு அரசாங்கம் புடிச்சு, 1998-ல கேட்டர்பில்லர், கம்மின்ஸ், டெட்ராய்ட் உள்பட ஏழு கம்பெனி 83.4 மில்லியன் டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கிச்சு. அந்த மைலேஜ்ல ஒரு பங்கு அப்படி வந்தது. நீங்க வருஷத்துக்கு 5,000 மைல் ஓட்டுவீங்கன்னா 8 குடுக்குற வண்டிக்கு 625 கேலன், 9 குடுக்குறதுக்கு 556, வித்தியாசம் 70 கேலன் கூட வராது. டீசல் 4 டாலர்னு வச்சா 280 டாலர். புதுசுல டெஃப் செலவு டீசல்ல ரெண்டு மூணு சதவீதம், அது 17 கேலன் வாக்குல. ரெண்டு டயர் மாத்துற காசு கூட இல்ல இது, மைலேஜ வச்சு இஞ்சின தேர்ந்தெடுக்காதீங்க. மணிக்கு 70 மைல்ல போறத 62-க்கு குறைச்சாலே இதைவிட அதிகமா மிச்சம் ஆகும்.

நீங்க வண்டிய எப்படி பயன்படுத்துவீங்கங்கறது தான் முடிவ தீர்மானிக்கணும். டிபிஎஃப் உள்ள சேர்ற கரி எரியணும்னா 600 டிகிரி செல்சியஸ் வாக்குல சூடு வேணும், ஹைவேல லோடோட மணிக்கணக்குல ஓடினா அது தானா நடக்கும். மூணு மாசம் நிறுத்தி வச்சு, மாசத்துக்கு ஒரு தடவ அரை மணி நேரம் ஐடில்ல ஓட விட்டு நிறுத்துறது பல பேர் நல்ல பழக்கம்னு நினைக்குறது, டிபிஎஃப் வண்டிக்கு அது தான் விஷம். ஓட்டினா நல்லா சூடாகுற வரைக்கும் ஒரு மணி நேரம் ரோட்டுல ஓட்டுங்க, இல்லன்னா தொடவே தொடாதீங்க. டெஃப் வெயில்ல கெட்டுப்போகும், ஒரு வருஷத்த தாண்டினத நம்பாதீங்க, மைனஸ் 11 டிகிரி செல்சியஸ்ல உறையும், உறைஞ்சா கெடாது, வண்டி தானே உருக்கிக்கும். பெரிய தலைவலி டெஃப் டேங்க்ல இருக்குற சென்சார். அது கெட்டா டெஃப் நல்லா இருந்தாலும் கம்ப்யூட்டர் நம்பாது, பவர குறைச்சு குறைச்சு கடைசில மணிக்கு 5 மைலுக்கு கொண்டு வந்துடும். 2021-ல சிப் தட்டுப்பாட்டுல இந்த சென்சார் கிடைக்காம எத்தனையோ குடும்பங்க வாரக்கணக்குல கேம்ப் கிரவுண்ட்லயே மாட்டிக்கிட்டாங்க, கோபம் வர்ற விஷயம் அது. 2025 ஆகஸ்ட்ல ஈபிஏ இத தளர்த்த வழிகாட்டுதல் குடுத்திருக்கு, ஓடுற வண்டிக்கும் சாஃப்ட்வேர் அப்டேட் போட கம்பெனிகள கேட்டுக்கிட்டிருக்கு, அதனால நீங்க பாக்குற வண்டிக்கு அப்டேட் வந்துச்சா, போட்டாங்களான்னு டீலர்கிட்ட கேளுங்க.

சிலர் டிபிஎஃப், எஸ்சிஆர் எல்லாத்தையும் கழட்டிட்டு விக்குறாங்க. வாங்காதீங்க. அது அமெரிக்காவோட கிளீன் ஏர் ஆக்ட் படி சட்டவிரோதம், கலிஃபோர்னியாவுல பதிவு பண்ணினா 14,000 பவுண்டுக்கு மேல இருக்குற டீசல் மோட்டார்ஹோமுக்கும் எமிஷன் டெஸ்ட் உண்டு, அங்க மாட்டும். கண்டுபிடிக்குறது சுலபம், டிபிஎஃப் நல்லா இருக்குற வண்டியோட சைலன்ஸர் குழாய் உள்பக்கம் விரல விட்டுப் பாத்தா சுத்தமா இருக்கணும். கரி ஒட்டினா ஒண்ணு கழட்டியிருக்காங்க, இல்ல ஃபில்டர் உள்ள வெடிப்பு விட்டிருக்கு.

பாக்கப் போறப்போ விக்குறவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, நான் வர்ற வரைக்கும் இஞ்சின ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. போனதும் இஞ்சின தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா எதையோ மறைக்குறாங்க. குளிர்ல ஸ்டார்ட் பண்ணி முதல் புகைய பாருங்க, கொஞ்சம் வெள்ளை வந்து நின்னா பரவால்ல, பழைய மெக்கானிக்கல்ல அது சாதாரணம், நிக்காம வந்தாலோ இனிப்பு வாசனை அடிச்சாலோ கூலன்ட் உள்ள போகுது. சூடானதும் ஆயில் மூடிய தளர்த்தி தலைகீழா வச்சுப் பாருங்க, லேசா ஆடினா சரி, துள்ளி விழுந்தா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு. அப்புறம் ரேடியேட்டர் பின்னாடி இருக்குற வண்டின்னா டார்ச் அடிச்சு இஞ்சின் பக்கத்துல இருந்து பாருங்க. 2007-க்கு முன்னாடி இஞ்சின்ல மூச்சுக்குழாய் திறந்தவாக்குல இருக்கும், அதுல வர்ற ஆயில் ஆவிய ஃபேன் இழுத்து ரேடியேட்டர் மேல பூசி, அதுல தூசி படிஞ்சு அடைச்சிடும், ஏத்தத்துல சூடாகுற பழைய வண்டிங்க பாதிக்கு இது தான் காரணம். கழுவி, அந்த குழாய நீட்டி விட்டா தீந்துச்சு, விலை குறைக்க உங்களுக்கு ஒரு பிடியும் ஆச்சு.

ஓட்டிப் பாக்குறப்போ தட்டையான ரோட்டுல பத்து நிமிஷம் போயிட்டு வர்றது எதுக்கும் ஆகாது. பக்கத்துல இருக்குற நீளமான ஏத்தத்துக்கு கூட்டிட்டு போங்க, முழு ஆக்சிலரேட்டர்ல ஏத்தி டெம்பரேச்சர் எங்க போய் நிக்குதுன்னு பாருங்க. எலக்ட்ரானிக் இஞ்சின்னா ஒரு டீசல் மெக்கானிக்க காசு குடுத்து கூட்டிட்டு வந்து ஈசிஎம்ம, அதாவது இஞ்சினோட கம்ப்யூட்டர, படிக்கச் சொல்லுங்க, பழைய பிழை கோடு, எத்தனை தடவ டிபிஎஃப் எரிப்பு நடந்துச்சு, மொத்த மணி நேரம் எல்லாம் அதுல இருக்கும். மைல மணி நேரத்தால வகுங்க, 60,000 மைலுக்கு 1,500 மணி நேரம்னா சராசரி 40, ரோட்டுல ஓடின வண்டி. அதே 60,000-க்கு 4,000 மணி நேரம்னா சராசரி 15, நின்ன இடத்துல ஏசிக்காக ஐடில் விட்டே ஓட்டியிருக்காங்க, டிபிஎஃப் இருக்குற வண்டின்னா விட்டுட்டு வந்துடுங்க.

8.3, 8.9 இஞ்சினுக்கு சிலிண்டர் லைனர் கூலன்ட்லயே நனைஞ்சு நிக்கும், கூலன்ட்ல சேக்க வேண்டிய மருந்து கம்மியானா குமிழி வெடிச்சு வெடிச்சு லைனர ஓட்டை போட்டுடும், ஒரு டெஸ்ட் ஸ்ட்ரிப் வாங்கிட்டு போய் அங்கயே முக்கிப் பாருங்க. ஆயிலயும் ஒரு சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பி, ரிப்போர்ட் வர்ற வரைக்கும் முன்பணம் மட்டும் குடுங்க, மீதிய அப்புறம் பேசலாம். கடைசியா எப்ப ஆயில் மாத்தினாங்கன்னு கட்டாயம் கேட்டு வச்சுக்கோங்க, நேத்து மாத்தின ஆயில்ல ஒண்ணும் தெரியாது, அப்படின்னா 3,000 மைல் ஓட்டிட்டு இன்னொரு சாம்பிள் எடுக்கணும்.